உணவும் நூலும் உலாவும்

இன்பம் என்பது எங்கோ தொலைவில் உள்ளதென்றும், பெரும்பொருள் செலவிட்டாலன்றி அது கைகூடாதென்றும் எண்ணுவோர் பலர். பிள்ளைகள் படித்து முடியட்டும், உத்தியோகத்திலிருந்து இளைப்பாறுவோம், பின்னர் அனுபவிக்கலாம் என்று அதனை ஒத்திவைப்போரும் உளர். ஆனால் இல்லறத்தின் நாளாந்த இன்பத்துக்கு அருகிலேயே மூன்று வாயில்கள் திறந்துள்ளன. அவை நல்லுணவு, நன்னூல், குடும்பத்தோடு செல்லும் உலா என்பன. இம்மூன்றும் எளியவை, யாழ்ப்பாணத்து வீடுகளுக்குப் புதியனவும் அல்ல. இவற்றை விலை கொடுத்து நுகரும் பொருள்களாகக் கொள்ளும்போது இவற்றின் சுவை குன்றுகின்றது. குடும்பத்தார் கூடிச் செய்யும் செயல்களாகக் கொள்ளும்போது சுவை பெருகுகின்றது. இதனைச் சிறிது விளக்க முற்படுகின்றோம்.

முதலில் உணவை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு உணவுகளுள் கூடிச் செய்தற்கும் கூடி உண்டற்கும் மிகவும் ஏற்றது ஒடியற்கூழ். பனங்கிழங்கை அவியாது பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து அரித்த மாவே கூழுக்கும் பிட்டுக்கும் பயன்படுவது. கடலுணவு சேர்த்துக் காய்ச்சும் கூழை அறியாதார் இலர். சைவக் கூழும் சுவையிற் குறைந்ததன்று. ஆறு பேருக்கு ஒரு சுண்டு மாப் போதும். மாவை நிறைந்த நீரிற் கரைத்து இரண்டு மூன்று மணி நேரம் அடைய விட்டு, மேலே தெளிந்த நீரை வடித்துவிடல் வேண்டும். மாவின் கசப்பும் கயர்ப்பும் அந்நீரோடு நீங்கும். ஒரு பிடி சிவப்பரிசியையும், துண்டுகளாக்கிய மரவள்ளிக்கிழங்கையும், பலாக்கொட்டையையும் முதலில் அவியவிட்டு, அரை அவியலிற் பயிற்றங்காயைச் சேர்க்க வேண்டும். செத்தல் மிளகாய், மிளகு, சீரகம், மஞ்சள் என்பவற்றை அரைத்து உப்போடு கலந்தபின், பழப்புளிக் கரைசலிற் கரைத்த மாவை ஊற்றி, அடிப்பிடியாதவாறு துழாவிக்கொண்டிருத்தல் வேண்டும். கூழ் தடித்து வரும்போது முருங்கையிலையையோ முசுட்டையிலையையோ இட்டு இறக்கலாம்.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தொழில் உண்டு. ஒருவர் பலாக்கொட்டையின் தோலை உரிப்பார். ஒருவர் பயிற்றங்காய் முறிப்பார். சிறுவர் இலை ஆய்வர். முதியவர் பனையோலையிற் பிளா கோலுவார். தாய் ஒருத்தி அடுக்களையிலே தனித்து நின்று வேர்க்க, ஏனையோர் முற்றத்திலிருந்து உண்பது கூட்டின்பம் ஆகாது. ஒருவரின் உழைப்பிலே மற்றவர் விருந்தாடுதலே அது. இந்த வேறுபாட்டை நம் ஆடவர் மனத்திற்கொள்ளல் நன்று.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். தீட்டிய வெள்ளரிசியும் கோதுமை மாவும் நம் உணவில் மிகுந்து, உடலுழைப்புக் குறைந்த இக்காலத்தில், நீரிழிவு இல்லாத குடும்பத்தைக் காண்டல் அரிதாகின்றது. ஒடியல் மா நார்ப்பொருள் மிகுந்தது. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அரிசியில் அதன் சிறு பகுதிதானும் இல்லை. இலைக்கஞ்சியில் இடும் வல்லாரையும் முடக்கொத்தானும் தூதுவளையும் நம் வேலிகளிலும் வளவுகளிலும் கிடைப்பன. எனினும் பழைய உணவு என்றவுடன் அளவின்றி உண்ணலாம் என்று கருதுதல் தவறு. கூழும் மாப்பொருளே, பனங்கட்டியும் சர்க்கரையின் ஒரு வகையே. முன்னர் உண்டது செரித்ததை அறிந்தே பின்னர் உண்ண வேண்டும் என்று வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திற் கூறியது எவ்வுணவுக்கும் பொருந்தும்.

இனி நூல். வாசிப்பைத் தனியறையிற் செய்யும் செயலாகவே இன்று நாம் கருதுகின்றோம். நம் முன்னோரிடத்தில் அது பெரிதும் செவிச்செல்வமாகவே இருந்தது. கோயில்களிலே கந்தபுராணப் படனம் நிகழும்போது ஒருவர் பாடலை வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். எழுத்தறியாதவரும் அதனைக் கேட்டு இன்புற்றனர். கேட்டவர் வீடு திரும்பியும் அதைப் பற்றி உரையாடினர். இம்முறையை வீட்டுக்கும் கொண்டுவரலாம். இராப்போசனத்தின் பின் அரைமணி நேரம் கைத்தொலைபேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு பிள்ளை ஒரு சிறுகதையை வாசிக்க, மற்றொரு பிள்ளை அதன் பயனைச் சொல்லட்டும். பயன் சொல்பவர் கதையை விளங்கியே ஆகவேண்டும். கேட்பவர் மறுத்துரைக்கவும் இடமுண்டு. கல்வியும் பொழுதுபோக்கும் ஒன்றாவது இங்கேதான்.

வீட்டிலே நூல் வைத்திருத்தலின் அருமையை யாழ்ப்பாணத்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம், 1933 ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்திலே தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து வளர்ந்தது. 1959 இல் அதன் அழகிய கட்டடம் திறக்கப்பெற்றது. 1981 இல், மே மாதம் முடிந்து ஜூன் பிறக்கும் இரவில், அது தீயிடப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. கட்டடம் மீண்டும் எழுந்துவிட்டது. எரிந்த ஏடுகள் யாவும் மீளவில்லை. எனினும் வீடுகளிற் பேணப்பட்டிருந்த பழைய நூல்களும் இதழ்களும் இன்று எண்ணிமப் படிகளாகின்றன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணையக் களஞ்சியம் இப்பணியைச் செய்து வருகின்றது. ஒரு வீட்டிலே தொடங்கிய வாசிப்பு பெருநூல்நிலையமாயிற்று. நூல்நிலையம் எரிந்தபின் வீட்டு அலுமாரிகளே அதற்குக் கைகொடுத்தன. ஆதலின் நம் வீட்டிலுள்ள ஒரு தட்டு நூல்களைச் சிறிதென்று எண்ணற்க.

மூன்றாவது உலா. இடங்களைப் பார்த்தல் வேறு, அறிந்து பார்த்தல் வேறு. கீரிமலையை எடுத்துக்கொள்வோம். கடலலை மோதும் கரையிலேயே, ஒரு சுவரின் இப்புறத்தில் நன்னீர்க் கேணி அமைந்திருப்பது எவ்வாறு? யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லால் ஆயது. மழைநீர் அக்கல்லின் துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கி, உவர்நீரினும் பாரம் குறைந்ததாகலின் அதன்மேல் மிதந்து நிற்கும். நிலத்தடியிலே கடல் நோக்கி நகரும் அந்நீர், கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது. புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதனாலேயே. இயந்திரத்தால் அளவுக்கு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழும் என்பதைப் பிள்ளைகள் கேணிக்கரையிலே நின்று விளங்கிக்கொண்டால், வீட்டுக் கிணற்றின் அருமையையும் உணர்வர். 1990 இன் பின்னர்ப் போரினால் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில், அயலூர்ப் பிள்ளைகளே கீரிமலையைக் காணாது வளர்ந்தனர். காணுதற்கு இயலும் இந்நாளில் காணாதிருத்தல் நம் குறையாகும்.

நெடுந்தீவு உலாவிலோ நூலும் உணவும் ஒருங்கே சேரலாம். செங்கை ஆழியான் 1973 இல் வெளியிட்ட ‘வாடைக்காற்று’ என்னும் நாவலின் களம் அத்தீவே. செல்வதற்கு முன்னுள்ள சில இரவுகளில் அதனைக் கூடி வாசிக்கலாம். பின்னர்க் குறிகாட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் சென்று இறங்கும்போது, கண்முன் விரியும் கடற்கரை முன்பே பழகிய இடம்போலத் தோன்றும். முருகைக்கல் அடுக்கிய வேலிகளும், பெருக்குமரமும், கட்டின்றித் திரியும் குதிரைகளும் பிள்ளைகளைப் பலவாறு வினவச் செய்யும். திரும்பும் படகின் நேரத்தை முன்னரே கேட்டறிந்து, போதிய குடிநீரோடு செல்லல் வேண்டும். வழியுணவுக்குப் புழுக்கொடியலும் எள்ளுருண்டையும் போல ஏற்றவை வேறில்லை. கெடுவதும் இல்லை, கடதாசிப் பெட்டிகளைக் கரையில் வீசும் பழியும் இல்லை.

இவ்வாறு நூல் உலாவுக்கு வழிகாட்ட, உலா நூலுக்கு உயிரூட்ட, உணவு இரண்டுக்கும் துணைநிற்கின்றது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பாடினார். பனையின் பெருமையைத் ‘தாலவிலாசம்’ என்று தனி நூலாகவும் செய்தார். முற்றத்துக் கூழும் கொழுக்கட்டையும் இலக்கியமாகத் தக்கவை என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார். அவர் பாட்டைக் கற்ற பிள்ளை ஆடிக்கூழைச் சுவைத்தறியாதிருந்தால் அப்பாட்டுப் பாதியே விளங்கும்.

கடல் கடந்து வாழும் நம் பழைய மாணவர்க்கு முருங்கையும் பிளாவும் எளிதிற் கிட்டாமற் போகலாம். ஆயினும் கிடைக்கும் கீரையைக் கொண்டு கூழ் காய்ச்சலாம். இணையத்தில் உள்ள நூலைப் பேரப்பிள்ளைக்கு வாசிக்கலாம். வாழும் ஊரின் ஆற்றங்கரைக்குச் செல்லலாம். கூடியிருத்தற்கு வேண்டியது பொழுது ஒன்றே. அதனை மக்கட்கு ஈயாத பெற்றோர் வேறெதனை ஈந்தும் நிறைவு செய்தல் அரிது.

விழாக் கொண்டாடும் நம் கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கு நாம் கூறுவது இது: இவ்வார விடுமுறையில் உங்கள் பாட்டியாரிடம் கூழின் பக்குவத்தைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அது எந்தப் புத்தகசாலையிலும் கிடைக்காத நூலாகும். சொல்லுதற்கு அவர் இருக்கும்போதே கேட்டல் நன்று.