காரணிகளின் சிக்கனம்

6746328388800. ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி. லண்டன் கணிதச் சங்கத்தின் ஆய்விதழில் 1915-ல் ராமானுஜன் வெளியிட்ட பட்டியலில் கடைசியாக நிற்கும் எண் இது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்ணை உயர் பகு எண் என்பார்கள். 6, 12, 24 எல்லாம் அந்த வகைதான். நம் எண்ணுக்கு 10080 காரணிகள். 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடும். 29-ல்தான் முதன்முதலாக மீதி விழுகிறது. ஆனால் இதன் சிறப்பு அளவிலோ காரணிகளின் எண்ணிக்கையிலோ இல்லை, அது கட்டப்பட்டிருக்கும் சிக்கனத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து.

பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரு முறை வருகின்றன. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×32, அதாவது 10080. இப்போது 2, 3 ஆகியவற்றின் அடுக்குகளை மட்டும் இடம் மாற்றுங்கள். காரணிகள் அதே 10080. எண்ணோ இரண்டேகால் மடங்கு பெருத்துவிடும். ஆகவே பெரிய பகா எண்ணுக்குச் சிறியதைவிட அதிக அடுக்கு ஒருபோதும் கிடைக்காது. சரி, 23-ஐ நீக்கிவிட்டு 2-ஐயே மேலும் அடுக்கினால் என்ன? 23 ஒன்று சேர்ந்ததுமே காரணிகள் இரட்டிப்பாகின்றன. அதே இரட்டிப்பை 2-ஐ வைத்துச் சாதிக்க மேலும் ஏழு 2-கள், அதாவது 128 மடங்கு, வேண்டும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு என்றும் ராமானுஜன் நிறுவினார். இந்த ஆய்வுக்காகவே 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது.

கணினி நொடியில் தரும் பட்டியலுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்கலாம். அந்த நொடிக்கே இந்த விதிகள்தான் காரணம். அவை இல்லையென்றால் ஆறே முக்கால் லட்சம் கோடி எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அடுக்குகள் ஏறக்கூடாது என்ற ஒரே நிபந்தனை அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைத் தொடாமலே தள்ளிவிடுகிறது. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: 102 எண்கள் கொண்ட அந்தப் பட்டியலில் 293318625600 விடுபட்டுப்போனது. உண்மைதான். நம் எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைப்பதும் அதுவே. ஆனால் ராமானுஜனின் தேற்றங்கள் பட்டியலைப் பார்த்து ஊகித்தவை அல்ல, தனியே நிறுவப்பட்டவை. விடுபட்ட எண்ணின் அடுக்குகளும் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று அதே ஒழுங்கில் இறங்குகின்றன.

இதெல்லாம் எண் விளையாட்டு என்று ஒதுக்குவோருக்கும் பதில் உண்டு. சங்கத்தின் பணநெருக்கடியால் அந்தக் கட்டுரையின் ஒரு பகுதி அன்று அச்சேறவில்லை. நிக்கோலா, ரோபன் என்ற இரு கணிதவியலாளர்களின் குறிப்புகளோடு 1997-ல் வெளிவந்தது. காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு வளரலாம் என்பதற்கான ஒரு வரம்பு 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்தினால், இன்னும் நிறுவப்படாத புகழ்பெற்ற கணிதக் கூற்றான ரீமான் கருதுகோள் உண்மை, பொருந்தாவிட்டால் பொய் என்று 1984-ல் காட்டியவர் அதே ரோபன். அந்த 5040-உம் ஓர் உயர் பகு எண்.