பட்டப்பெயரும் பந்தாட்டமும்

சங்கரன்கோவிலில் கோமதியம்மனைத் தரிசித்து, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு, விசைத்தறிகளின் ஓசை இடையறாது ஒலிக்கும் தெருக்களின் வழியே நடக்கும்போதெல்லாம், இங்கிலாந்து தேசத்து நார்விச் நகரம் என் நினைவில் எழுகிறது. அதுவும் நெசவாளர் நகரமே. 16-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்து அங்கே குடியேறிய நெசவாளர்கள், தங்கள் தொழிலோடு கேனரி என்னும் பாடும் பறவையையும் கொண்டுவந்தனர் என்பது அவ்வூர் ஐதிகம். நாள் முழுதும் தறியை விட்டு எழ இயலாதவனுக்கு அதன் கானமே துணையாயிருந்திருக்கும். 1902-இல் அங்கே தோன்றிய காற்பந்துக் கழகத்தை ஜனங்கள் 'கேனரிகள்' என்றே அழைக்கத் தலைப்பட, 1907-இல் கழகம் தன் உடுப்பையும் மஞ்சளும் பச்சையுமாக மாற்றிக்கொண்டது. பெயர் முந்திற்று, வர்ணம் அதனைப் பின்தொடர்ந்தது.

நம் கிராமங்களில் பத்திரத்தில் எழுதிய பெயரைச் சொன்னால் விழிப்பவர்கள், பட்டப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் வீட்டு வாசல் வரை கொண்டுவிடுவார்கள். முன்னது இடுகுறி, பின்னது காரணப் பெயர். கழகங்களின் கதையும் இதுவே. லண்டன் வுல்விச்சில் ஆயுதச் சாலைத் தொழிலாளர் 1886-இல் தொடங்கிய ஆர்சனல் கழகம், 1913-இல் தேம்ஸ் நதிக்கு வடக்கே குடிபெயர்ந்த பின்னரும் 'பீரங்கிக்காரர்' என்னும் பொருள்படும் 'கன்னர்ஸ்' என்ற பெயரை விடவில்லை. வெஸ்ட் ஹாம் கழகத்தின் தாய்வீடான தேம்ஸ் இரும்பு ஆலையோ 1912-இலேயே மூடப்பட்டுவிட்டது. அதன் சம்மட்டிகள் இரண்டும் இன்றளவும் ஆட்டக்காரரின் மார்பில் குறுக்கிட்டு நிற்கின்றன.

நம் தேசத்தில் இப்பெயர்களின் உக்கிரத்தைக் கல்கத்தாவிலேதான் காண வேண்டும். பாய்மரப் படகைச் சின்னமாகக் கொண்டு 'மாலுமிகள்' எனப்படும் மோகன் பகானுக்கும், தீவட்டியைச் சின்னமாகக் கொண்ட ஈஸ்ட் பெங்காலுக்கும் உள்ள போட்டி, சந்தை வரைக்கும் சென்றது: முன்னவர் வென்றால் இறாலும், பின்னவர் வென்றால் இல்லிஸ் மீனும் அபிமானிகளின் இல்லங்களில் சமைக்கப்படும். சிவபெருமானா திருமாலா உயர்ந்தவர் என்று சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் வாதிட, இறைவன் இருவருக்குமாகச் சங்கரநாராயணராய்க் காட்சியளித்த சங்கரன்கோவில் தலபுராணத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்த அபிமானத்தின் ஆழம் அந்நியமானதன்று.

2014-இல் தோன்றிய சென்னையின் கழகம் 'மெரினா மச்சான்ஸ்' எனப் பெயர் பெற்றிருக்கிறது. வயதில் இளைய பெயர்தான். ஆயினும், உறவல்லாதவனையும் உறவாக்கிக்கொண்டு நம் இளைஞர் தோளில் கைபோட்டு அழைக்கும் சொல் அதில் இருப்பதால், அது நிலைக்கும் என்றே கருதுகிறேன்.

சங்கரன்கோவில் பிள்ளைகள் கழகம் ஒன்று அமைப்பார்களாயின், அதற்கு ஒரு பெயரை நான் மனத்தில் வைத்திருக்கிறேன். பாவின் ஊடே இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓயாது ஓடும் ஒன்று ஒவ்வொரு தறியிலும் இருக்கிறது; பந்தைக் காலில் கொண்டு மைதானத்தின் விளிம்பு விட்டு விளிம்பு ஓடும் சிறுவனுக்கு, 'நாடா' என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.