வெந்நீரில் வாழும் மீன்

மீன் வெந்நீரில் வாழுமா? அதுவும் சோடா கலந்த வெந்நீரில்? வாழும். அப்படி ஒரு மீன் ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

ஆப்பிரிக்காவில் கென்யா என்று ஒரு நாடு. அதன் தென்பகுதியில் மகாடி என்ற ஏரி உள்ளது. வெந்நீர் ஊற்றுகள் இந்த ஏரிக்கு நீர் தருகின்றன. ஏரி நீர் வெளியே செல்ல வழி இல்லை. வெயிலில் நீர் ஆவியாகிவிடும். உப்பும் சோடாவும் தங்கிவிடும். ஏரியின் பெரும்பகுதியில் சோடா வெள்ளைப் பாளமாக உறைந்து கிடக்கிறது.

ஏரியின் ஓரத்தில், ஊற்று நீரில் இந்த மீன் வாழ்கிறது. இதன் பெயர் மகாடி திலாப்பியா. நம் குளங்களில் உள்ள ஜிலேபிக் கெண்டைக்கு இது உறவு. நம் உடம்பின் சூடு 37 டிகிரி. 40 டிகிரி ஆனால் கடும் காய்ச்சல். இந்த மீனோ 40 டிகிரியைத் தாண்டிய நீரிலும் நீந்துகிறது!

எப்படிப் பிழைக்கிறது?

மீனின் உடலில் அம்மோனியா என்ற கழிவு உண்டாகும். அது நஞ்சு. மற்ற மீன்கள் அதைச் செவுள் வழியாக நீரில் விட்டுவிடும். சோடா நீரில் அது எளிதில் வெளியேறாது. ஆகவே இந்த மீன் அதை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறது. நாம் வயலுக்கு இடும் யூரியாவும் அதே பொருள்தான். விஞ்ஞானிகள் 1989-ஆம் ஆண்டு இதை உலகுக்குத் தெரிவித்தனர்.

இரவில் அந்த நீரில் பிராணவாயு மிகவும் குறைந்துவிடும். அப்போது மீன் மேலே வந்து காற்றை விழுங்கும். தாய் மீன் முட்டைகளைத் தன் வாயில் வைத்துக் காக்கும்.

தொட்டியில் வளர்ப்பது எப்படி?

இந்த மீனையும் இதன் இன மீன்களையும் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியவை இவை:

1. கல் உப்பு மட்டும் போதாது. சமையல் சோடாவும் சேர வேண்டும். துணி துவைக்கும் சோப்புத் தூளைப் போடவே கூடாது. அது மீனைக் கொன்றுவிடும்.

2. ஊற்று வாயின் சூடு தேவையில்லை. 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே தங்கும். ஆகவே காற்றுக் குழாய் எப்போதும் ஓட வேண்டும்.

3. தொட்டி நீர் ஆவியாகிக் குறையும். உப்பும் சோடாவும் குறையாது. அப்போது உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நல்ல நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

4. இது பாசி தின்னும் மீன். சுருள்பாசி கலந்த உணவைச் சிறிதளவே போட வேண்டும். மிஞ்சிய உணவு அழுகினால் அம்மோனியா உண்டாகும். சோடா நீரில் அதன் நஞ்சு பல மடங்கு கூடும்.

5. நீரின் தன்மையைத் திடீரென மாற்றக் கூடாது. சிறிது சிறிதாகவே மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

மகாடி திலாப்பியா இயற்கையாக வாழும் இடம் மகாடி பகுதி மட்டுமே. அங்கே ஊற்று வற்றினால் மீனுக்குப் போக்கிடம் இல்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பட்டியலில் இதுவும் உள்ளது. எனவே ஏரியில் பிடித்த மீனை வாங்கக் கூடாது. தொட்டியில் பிறந்த குஞ்சையே வாங்க வேண்டும்.

வளர்க்க முடியாமல் போனால் குளத்தில் விடவும் கூடாது. வெளிநாட்டு மீனான ஜிலேபிக் கெண்டை 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது எத்தனையோ குளங்களில் நாட்டு மீன்களை நெருக்குகிறது.

மீனை வாங்கிவிடலாம். அது பிறந்த நீரைத் தர முடியுமா? முடியும் என்றால் மட்டுமே வாங்க வேண்டும்.