புகையிரதம் வராத ஊர்

ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலே சிற்றூர்கள் பல, ஏழெட்டு மைலுக்கு ஒன்றாக, ஒரே கோட்டில் நிரைத்து வைத்தாற்போல அமைந்திருக்கின்றன. அவற்றை அவ்வாறு நிரைப்படுத்தியது புகையிரதப் பாதையே. குதிரை வண்டியிலே தானியம் ஏற்றிவரும் கமக்காரன் காலையிற் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்பவேண்டும் என்ற கணக்கிலே பாதைக் கம்பனிகள் நிலையங்களை அமைத்தன. நிலையம் எழுந்த இடத்திலே தானியக் களஞ்சியமும் கடைகளும் வங்கியும் எழுந்தன. ஆயின், மக்கள் முன்னதாகவே குடியேறிவிட்ட ஓர் ஊருக்குப் பாதை வராது போனால் அதன் கதி யாது? கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கிலுள்ள நிக்கொடீமஸ் என்னும் ஊரின் வரலாறு இக்கேள்விக்கு விடை பகர்கின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிவுற்றபோது தென் மாநிலங்களிலே அடிமைத்தளை அறுந்தது. ஆனால் விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குச் சொந்த நிலம் கிடைக்கவில்லை. அவர்களுக்குக் காவலாகத் தெற்கிலே நிறுத்தப்பட்டிருந்த கூட்டரசுப் படையினரும் 1877இல் விலக்கப்பட்டனர். மேற்கிலோ, 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, ஐந்தாண்டுகள் தங்கி உழுது பயிரிடுபவருக்கு 160 ஏக்கர் நிலம் சிறு கட்டணத்துடன் உரிமையாயிற்று. இந்த வாய்ப்பினைக் கண்ட டபிள்யூ. ஆர். ஹில் என்னும் வெள்ளையரான நில வணிகரும், டபிள்யூ. எச். சிமித் என்னும் கறுப்பினத்தவரும் வேறு சிலரும் சேர்ந்து 1877இல் நிக்கொடீமஸ் நகரக் கம்பனியை நிறுவினர். கென்ரக்கி மாநிலத்துத் தேவாலயங்களிலே துண்டுப்பிரசுரங்கள் பரவின. ஊரின் பெயர் விவிலியத்தில் வரும் நிக்கொதேமுவைக் குறிப்பதென்பர் சிலர். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்துப் பெற்ற ஒருவன் பெயரென்பர் வேறு சிலர்.

அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திலே ஏறக்குறைய முந்நூறு பேர் கொண்ட குழு கென்ரக்கியிலிருந்து புறப்பட்டது. எல்லிஸ் என்னும் நிலையம் வரையில் அவர்கள் புகையிரதத்திலே பிரயாணம் செய்தனர். அதற்கப்பால் முப்பத்தைந்து மைல் தூரம் மரமற்ற புல்வெளியிலே நடந்தனர். வந்து சேர்ந்தவர்கள் வீடுகளைத் தேடினார்கள். நிலத்திலிருந்து புகை எழுவதையே கண்டார்கள். முன் வந்தவர்கள் மண்ணைக் குடைந்து அமைத்த குழிக் குடில்களிலே வாழ்ந்திருந்தனர். அக்காட்சியைக் கண்டு கண்ணீர் வடித்ததாகப் பெண்ணொருத்தி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வந்தவர்களுட் பலர் மறுநாளே திரும்பிச் சென்றனர்.

அவர்கள் அஞ்சியதிற் குற்றமில்லை. சொலமன் ஆற்றின் தென்கிளைக்கு வடக்கேயுள்ள இவ்விடத்திலே ஆண்டு மழை இருபது அங்குலத்தையே ஒட்டியது. அதுவும் ஆண்டுக்காண்டு மாறும். வீடு கட்ட மரமில்லை; விறகுமில்லை. புற்றரையைக் கட்டி கட்டியாக வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினார்கள். சில காலத்தின் பின்னரே அயலிலுள்ள சுண்ணாம்புக்கல் பயன்பட்டது. ஏரும் குதிரையும் அரிதாயிருந்தமையால் மண்வெட்டியாலேயே பலர் முதற் பயிருக்கு நிலத்தைத் திருத்தினர். வேட்டை முடிந்து அவ்வழியே திரும்பிய ஓசேஜ் என்னும் பழங்குடியினர் இறைச்சி கொடுத்து உதவியதனாலேயே முதற் பனிக்காலத்தைக் கடந்தனர் என்பது அங்குள்ளோர் வழிவழியாகக் கூறிவரும் செய்தி.

இத்தனை இடருக்கும் ஈடுகொடுத்து ஊர் வளர்ந்தது. சக்கரி பிளெச்சர் முதல் தபாலதிபராயிருந்து, சென் பிரான்சிஸ் என்ற விடுதியையும் நடத்தினார். அவர் மனைவி ஜெனி பிளெச்சர் முதலாசிரியையாகப் பிள்ளைகளுக்குப் போதித்தார். இங்கு வந்து குடியேறிய எட்வேட் மக்கேப் 1882இல் கன்சாஸ் மாநிலத்தின் கணக்காய்வாளராகத் தெரிவு செய்யப்பட்டார். அடிமைத்தளை அறுந்து இருபது ஆண்டுகளும் நிறையாத காலத்திலே, ஒரு முழு மாநிலத்தின் வாக்காளர் கறுப்பினத்தவர் ஒருவரை அப்பதவிக்குத் தெரிந்தமை சிறிய செய்தியன்று. 1887ஆம் ஆண்டளவில் ஊரிலே கடைகளும் தேவாலயங்களும் இரண்டு பத்திரிகைகளும் இருந்தன.

இல்லாதது புகையிரதம் ஒன்றே. அதன் இன்றியமையாமை கோதுமையின் பாரத்திலே தங்கியிருந்தது. ஒரு புசல் கோதுமை 60 இறாத்தல் நிறையுடையது. பாரத்தைப் பார்க்க அதன் விலையோ அற்பம். கிழக்கே ஸ்ரொக்ரன் என்ற ஊருக்கு இருபது மைல், தெற்கே எல்லிசுக்கு முப்பத்தைந்து மைல். பாரவண்டியிலே அவ்வளவு தூரம் சென்று திரும்புவதற்குள் விளைவின் ஊதியத்தில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும். திரும்பும் வண்டியில் வரும் மரமும் நிலக்கரியும் அதே கணக்கில் விலை ஏறும். நிலையத்தின் அருகிலுள்ள கமக்காரனோடு எட்டாத் தொலைவிலுள்ளவன் போட்டியிடுவது எங்ஙனம்?

ஆகவே, கம்பனிகளின் நில அளவையாளர் அப்பக்கம் தலைகாட்டியபோது ஊர் களிகொண்டது. அந்நாளிலே பாதை வேண்டும் ஊர்கள் கம்பனிக்குப் பொருளுதவி செய்வது வழக்கம். ஊரவர் வாக்களித்துக் கடன் பத்திரங்களை வெளியிடுவர். அக்கடனைத் தம் நிலவரியால் இறுப்பர். நிக்கொடீமஸ் மக்களும் 1887இல் மிசூரி பசிபிக் கம்பனிக்கு 16,000 டொலர் கடன் பத்திரம் வழங்க வாக்களித்தார்கள். பத்தாண்டுக்கு முன் மண்குழியில் வாழ்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெருந்தொகை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தின் விலை ஏறியது. புதிய வணிகர் வந்தனர்.

பாதை வரவில்லை. மிசூரி பசிபிக்கின் இருப்புப் பாதை ஸ்ரொக்ரனுக்கு அப்பால் நீளவேயில்லை. யூனியன் பசிபிக் கம்பனி 1888இல் அப்பிரதேசத்துக்குப் பாதை அமைத்தது. ஆனால் அது ஆற்றின் தென்புறமாகவே சென்றது. ஊரிலிருந்து சில மைல் தென்மேற்கே கம்பனியார் தங்கியிருந்த பாசறை போக் என்ற புதிய ஊராயிற்று. நிக்கொடீமஸ் வணிகருட் பலர் தம் கடைகளை ஆற்றுக்கு அப்பால் கொண்டுசென்றனர். இரண்டு பத்திரிகைகளும் அவ்வாண்டுக்குமேல் நீடிக்கவில்லை.

கம்பனியார் பகைமையினாலே விலகினர் என்று முடிவுகட்டுவது எளிது. பாதை எட்டாமல் மங்கிய வெள்ளையர் ஊர்களும் அச்சமவெளியில் உண்டு என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் இழப்பு ஒரே தன்மையதன்று. மற்றையோர் அடுத்த ஊருக்குச் சென்று அங்கும் தம்மை ஒத்தவர் நடுவிலே வாழலாம். நிக்கொடீமஸ் மக்களுக்கு, தாமே ஆண்டு, தாமே கற்பித்து, தாமே வணிகம் செய்த ஊர் அப்பிரதேசத்தில் வேறொன்று இல்லை.

அதனாலேயே போலும் கமக்காரர் பலர் அங்கேயே தங்கினர். வணிகன் கடையைப் பெயர்த்துச் செல்லலாம். 160 ஏக்கர் நிலத்தைப் பெயர்க்க இயலாது. 1907இல் புதிய கல் தேவாலயமும், 1918இல் பாடசாலையும் எழுந்தன. 1930களின் பெருவறட்சியும் மண்புயலும் ஊரை மீண்டும் வருத்தின. அத்துன்பத்தின் நடுவே, அரசாங்க வேலைத் திட்டத்தின் கீழ், சுண்ணாம்புக்கல்லாலான ஊர் மண்டபம் 1939இல் நிறைவுற்றது. தபாலகம் 1953இல் மூடப்பட்டது.

1996ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் நிக்கொடீமசைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கியது. இரண்டு தேவாலயங்கள், விடுதி, பாடசாலை, ஊர் மண்டபம் ஆகிய ஐந்து கட்டடங்கள் அதில் அடங்கும். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வதிந்தோர் தொகை இருபதுக்கும் குறைவு. ஆனால் ஆண்டுதோறும் யூலை மாத இறுதியிலே, முதற் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அங்கு கூடுகிறார்கள். பிரித்தானியப் பேரரசு 1834ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் தேதி மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறையை ஒழித்ததை நினைவுகூரும் விழாவாகத் தொடங்கிய அக்கூட்டத்திலே ஊர்வலமும் விருந்தும் நடைபெறும். அந்த நாட்களில் மட்டும் ஊரின் தெருக்களில் வாகனம் நிறுத்த இடம் தேடவேண்டியிருக்கும்.