புலிப்பக்கமா, ஆட்டுப்பக்கமா?

கொட்டு முழக்கம் காதைப் பிளக்கிறது! "இதைப்போல் ஓர் ஆட்டம் இதற்கு முன் வந்ததில்லை" என்கிறது விளம்பரம். "இது வெறும் விளையாட்டன்று, கலை" என்கிறார் விமர்சகர். பரிசு, பாராட்டு, விற்பனை, வெற்றி என்று நாள் தவறாமல் செய்தி வருகிறது. 2025 செப்டம்பர் 4ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஒரு சின்னஞ்சிறு குழு செய்த 'சில்க்சாங்' என்ற வீடியோ கேம் விற்பனைக்கு வந்தது. வாங்க வந்தோர் நெரிசல் தாங்காமல் பெரிய பெரிய இணையக் கடைகளே திணறித் திக்குமுக்காடி நின்றன!

"வீடியோ கேமுக்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்? ஆலைச் சங்கு ஊதினால் ஓடுகிறவன் நான், அந்தி சாய்ந்தால் படுக்கிறவன் நான்" என்று கேட்கும் தோழர் இருப்பார். அவருக்குச் சொல்வேன்: உம் வீட்டுப் பிள்ளையின் கையைப் பாரும். சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் பேருந்துக்குக் காத்து நிற்கும் இளைஞனின் விரல் எதன்மேல் ஓடுகிறது என்று பாரும். கட்டைவிரல் அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போது கருத்து எங்கே போகிறது என்று கேட்பது நம் கடமை அல்லவா?

இன்று இருவகை ஆட்டங்களுக்குப் புகழ்மாலை குவிகிறது. ஒன்று, 'இண்டி கேம்' என்பது. கோடி கோடியாகக் கொட்டும் பெரிய கம்பெனியின் கட்டளைக்கு உட்படாமல், தனியொருவரோ நாலைந்து பேரோ கூடித் தம் விருப்பப்படி செய்வது. மற்றொன்று வியூக ஆட்டம். கைவேகத்தைக் காட்டிலும் கணக்குப் போடும் மூளைக்கு வேலை தருவது. இவற்றுக்குக் கிட்டும் ஆரவாரம் தகுமா, தகாதா? இதுதான் கேள்வி.

அளக்க ஒரு படி வேண்டுமே! அந்தப் படி அயல்நாட்டில் இல்லை. நம் ஊர்த் திண்ணையிலே, கோயில் மண்டபத்துக் கல்தரையிலே கோடு கிழித்துக் கிடக்கிறது. ஆம், ஆடு புலி ஆட்டம்!

மூன்று புலி, பதினைந்து ஆடு

மூன்று புலி. பதினைந்து ஆடு. நிற்பதற்கு இருபத்து மூன்று இடம். புலிக்குப் பாயும் உரிமை உண்டு, வெட்டும் உரிமை உண்டு. ஆட்டுக்கு இரண்டும் இல்லை. பதினைந்தும் களத்தில் இறங்கி முடியும் வரை, வைத்த இடத்தைவிட்டு ஓர் ஆடும் அசையக்கூடாது. என்ன அநியாயமான சட்டம்! ஆயினும் ஆடு வெல்கிறது. எப்படி? புலி ஆட்டை வெட்ட வேண்டுமானால், அதைத் தாண்டிக் குதிக்க அப்பால் வெற்றிடம் வேண்டும். அந்த இடத்தில் இன்னோர் ஆடு நின்றுவிட்டால், பாய வந்த புலி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ஆட்டின் பின்னால் ஆடு, அதன் பக்கத்தில் ஆடு என்று அணி சேர்ந்தால், கடைசியில் மூன்று புலியும் மூலையில் முடங்கும்.

இதில் இன்னொரு சிறப்புண்டு. ஒரு முறை புலியாக ஆடியவர் அடுத்த முறை ஆடாக ஆடுவார். இருவர் வலியையும் இருவரும் உணர்வர்.

கல்வராயன்மலை மக்களுக்குப் புலியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. 1947இல் நாடு விடுதலை பெற்றது என்று நாமெல்லாம் கொடியேற்றினோம். அந்த மலையிலோ ஜாகீர்தார் முறை 1976 வரை நீடித்தது. பழைய தென்னார்க்காட்டுப் பக்கத்தில் சடைய கவுண்டன் ஜாகீர், குறும்ப கவுண்டன் ஜாகீர், ஆரிய கவுண்டன் ஜாகீர் என்று மூன்று. கட்டத்திலே மூன்று புலி, மலையிலே மூன்று ஜாகீர்! காட்டைத் திருத்தியவன் மலையாளிப் பழங்குடி மகன். வரி வாங்கியவர் ஜாகீர்தார். அந்த மலையின் வரலாற்றை ஆட்டமாகச் செய்ய ஒருவர் முன்வந்தால், நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆடுகிறவனை எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்? ஜாகீர்தாரின் நாற்காலியிலா, மரவள்ளிக் கொல்லையின் வரப்பிலா?

இதுதான் என் படி. இனி அளப்போம்.

திராவிடர் வந்த கதை

வியூக ஆட்டங்களில் உலகப் புகழ் பெற்றது 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'. பேரரசுகளின் காலம் என்று பொருள். அதன் இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. அதில் ஆடுவதற்கு எத்தனையோ இனத்தார் இருந்தனர். இந்தத் துணைக்கண்டத்தார் ஒருவர்கூட இல்லை! 2013இல் வந்த சேர்க்கையில் இடம் தந்தார்கள். எப்படித் தந்தார்கள்? 'இந்தியர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி! பிறகு 2022 ஏப்ரலில் மூட்டை அவிழ்ந்தது. பழைய பெயர் 'இந்துஸ்தானியர்' என்று மாறியது. வங்காளியர், கூர்ஜரர் ஆகியோரோடு 'திராவிடர்' என்ற பெயரும் தனியே ஏறிற்று. கடல் கடந்த இராசேந்திர சோழனின் படையெடுப்பு கதையாக இடம்பெற்றது. கம்பெனி எது? அமெரிக்காவின் மைக்ரோசாப்ட். பலவகை மக்கள் வாழும் நிலத்துக்கு ஒற்றைப் பெயர் போதாது என்ற உண்மை, ஆட்டம் விற்கிறவனுக்கும் விளங்கத்தானே செய்தது!

அந்தத் திராவிடருக்குத் தரப்பட்ட தனிச்சிறப்பு என்ன தெரியுமா? 'ஊட்ஸ்' எஃகு. உருக்கு என்ற நம் சொல்லின் திரிபே ஊட்ஸ் என்பர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைக்களங்கள் அந்தத் தொழிலின் பழமைக்குச் சான்று. குதிரைப்படை மெலிவு, இரும்பு வலிவு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். கேட்க இனிக்கிறது. மகிழலாம், தவறில்லை.

ஆனால் மயங்கிவிடலாமா? அதே ஆட்டத்தில் ஊர்க்குடியானவன் ஒருவன் வருகிறான். அவன் விலை ஐம்பது பங்கு உணவு. மரம் வெட்டுவான், கல் உடைப்பான், வயல் உழுவான். உறங்க மாட்டான், உடம்புக்கு வராது, கூலி கேட்க மாட்டான், கொடி பிடிக்க மாட்டான். அவனுக்குப் பெயர் கிடையாது. படையும் குடியும் சேர்ந்து இருநூறு தலை என்பது வழக்கமான உச்சவரம்பு. வீரனுக்கு இடம் போதாதபோது, உழுது கொடுத்த அதே குடியானவனை ஒரு பொத்தானைத் தட்டி ஒழித்துவிடும் ஆட்டக்காரரும் உண்டு. உருக்கைக் கண்டவன் கொல்லன். ஊர்வலம் போகிறவன் வேந்தன்!

ஆகவே தீர்ப்பு இது: சோறு இல்லாமல் வாள் இல்லை, விளைச்சல் இல்லாமல் வெற்றி இல்லை என்ற கணக்கை இந்த ஆட்டம் கற்றுத் தருகிறது. முன்யோசனை வளர்கிறது. அந்த அளவுக்குப் புகழ் தகும். ஆனால் ஆடுகிறவன் என்றென்றும் புலிப்பக்கமே உட்கார்ந்திருக்கிறான். ஆட்டின் பார்வை அவனுக்குக் கிட்டுவதே இல்லை. பாதிப் புகழ்தான் தருவேன்.

சிறு குழுவின் பெருஞ்செயல்

இப்போது மற்ற வகையைப் பாருங்கள். லூகாஸ் போப் என்பவர் ஏறக்குறையத் தனியாளாகச் செய்து 2013இல் வெளியிட்டது 'பேப்பர்ஸ், பிளீஸ்'. இதில் நீங்கள் மன்னரும் அல்லர், தளபதியும் அல்லர். எல்லைச் சோதனைச் சாவடியில் தாள் பார்க்கும் எளிய ஊழியர். எத்தனை பேரைச் சோதித்தீரோ அத்தனைக்குத்தான் கூலி. தப்பு நேர்ந்தால் அபராதம். பொழுது சாய்ந்ததும் கணக்கு வரும்: வாடகை இவ்வளவு, உணவு இவ்வளவு, குளிர் காய இவ்வளவு, நோய்ப்பட்ட பிள்ளைக்கு மருந்து இவ்வளவு. கையில் உள்ளதோ எல்லாவற்றுக்கும் போதாது. எதை விடுவீர்? எதிரே ஒரு தாய் கண்ணீரோடு நிற்கிறாள், தாளில் ஒரு முத்திரை குறைகிறது. விடுவீரா, விரட்டுவீரா? விட்டால் உம் வீட்டு அடுப்பு அணையும். இதற்கு 2014இல் பிரிட்டனின் பாஃப்டா நிறுவனம் பரிசு தந்தது. வியூக ஆட்டம் என்ற பிரிவிலேயே தந்தது! மாதக் கடைசியில் குடும்பம் நடத்துவதைவிடப் பெரிய வியூகம் உலகில் உண்டா, தோழர்களே?

போலந்து நாட்டின் வார்சாவில் செய்தது, 2014இல் வந்த 'திஸ் வார் ஆஃப் மைன்'. முற்றுகையில் சிக்கிய நகரம். ஆடுகிறவர் போர்வீரர் அல்லர். இடிந்த வீட்டில் பசியோடு ஒளிந்திருக்கும் குடிமக்கள். 2020இல் அந்நாட்டு அரசு இதைப் பள்ளி மாணவர் படிப்புக்குரிய பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. போரை மன்னர் மாடத்திலிருந்து காட்டாமல் அடுப்பங்கரையிலிருந்து காட்டியதற்குக் கிடைத்த மதிப்பு அது.

எல்லாமே அப்படியா? இல்லை. 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நான்காண்டுக்கு மேல் தனியாக உழைத்துச் செய்தது. இடையிலே தியேட்டரில் இருக்கை காட்டும் வேலையும் பார்த்தார். 2016இல் வந்தது, 4 கோடிக்கு மேல் விற்றது. உழைப்புக்கு வணக்கம்! ஆனால் அதில் வரும் உழவைப் பாருங்கள். கிழங்கு நான்கே நாளில் விளைகிறது. மாலையில் பெட்டியில் போட்டால் விடிவதற்குள் முழு விலையும் கைக்கு வந்துவிடுகிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் கொண்ட மாவட்டம் நம்முடையது. கரும்பு வெட்டி அனுப்பினால் பதினான்கு நாளில் பணம் தரவேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நாடெங்கும் கரும்பு உழவன் நிலுவைக்காக நெடுநாள் காத்திருந்த கதையையோ நாமறிவோம். இந்த ஆட்டம் களைத்தவனுக்கு ஒரு தாலாட்டு. தாலாட்டு தவறில்லை, அதையே வேளாண்மை என்று எவரும் நம்பிவிடக் கூடாது.

வெண்பா என்றொரு தாய்

நம் நெஞ்சைத் தொடும் சான்று இன்னொன்று. கனடாவின் டொரண்டோ நகரில் 'விசை' என்ற தமிழ்ப் பெயர் தாங்கிய சிறு குழு, 2023 ஜூலை 31இல் வெளியிட்டது 'வெண்பா'. 1988இல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாய் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். வாள் இல்லை, வேல் இல்லை. இட்லித் தட்டும் புட்டுக் குழலும்தான் ஆயுதம்! அம்மா தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன வரியைத் தேடித் தேடிச் சமைக்க வேண்டும். அதற்குள்ளே வளர்கிறது உண்மையான துயரம்: மகன் வளர வளர, தாயின் மொழியும் தாயின் சோறும் அவனுக்கு அயலாகின்றன.

2024இல் சுதந்திர ஆட்டங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதற்பெரும் பரிசு. அதே ஆண்டு பாஃப்டாவின் அறிமுகப் படைப்புப் பரிசு. தமிழ் என்றால் என்னவென்று அறியாதவர் இட்லித் தட்டை அடுக்கப் பழகினர். "ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறதே, இதற்கா 15 டாலர்?" என்று குறை சொன்னவர் உண்டு. கூலிக்காரர் வாயில் வரும் விலைக் கேள்வி நியாயமானதே. விலை இறங்கும்வரை காத்திருக்கலாம். ஆனால் மணிக்கணக்கை வைத்துத் தரத்தை அளப்பது, எடையை வைத்து ஏட்டை வாங்குவதற்கு ஒப்பாகும்.

கையிலுள்ள 'இலவசம்'

ஆனால் நம் இளைஞன் கையில் இருப்பது பெரும்பாலும் செல்போன். அதில் 'இலவசம்' என்று அழைக்கும் வியூக ஆட்டங்கள் பல. பின்லாந்திலிருந்து 2012இல் வந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. கோட்டை கட்டலாம், காசில்லை. ஆனால் கட்டி முடிய மணிக்கணக்கில், நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுக்கவில்லையா? கடை திறந்திருக்கிறது, மணிக்கல் வாங்கலாம்! பொறுமையைப் பறித்து, பிறகு பொறுமையின்மைக்கு விலை வைக்கிறார்கள். இங்கே புலி கட்டத்துக்குள் இல்லை, கடையில் உட்கார்ந்திருக்கிறது.

பணம் கட்டி ஆடும் ரம்மி முதலியவையோ ஆட்டமே அல்ல. அவை குடும்பத்தைக் கவிழ்க்கும் குழி. தமிழ்நாடு 2022இல் அவற்றுக்கு எதிராகச் சட்டம் செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. 'கேம்' என்ற ஒரே சொல்லுக்குள் சமையல் சொல்லும் வெண்பாவும் இருக்கிறாள், தாலியை அடகு வைக்கச் சொல்லும் சூதும் இருக்கிறது. பெற்றோர் இரண்டையும் ஒன்றென எண்ணி மகனை ஏசுவதும் தவறு. மகன் இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாறுவதும் தவறு.

எனவே ஆரவாரத்துக்கு அஞ்சவும் வேண்டா, அதில் அடித்துச் செல்லப்படவும் வேண்டா. ஆட்டத்தைக் கையில் எடுக்கும் இளைஞர் மூன்று கேள்வி கேட்கட்டும். என்னை எந்தப் பக்கம் உட்கார வைக்கிறாய்? உழைக்கிறவனுக்கு உன்னிடத்தில் பெயர் உண்டா? எழுந்து போகும்போது என் சட்டைப்பையைத் தடவிப் பார்க்க வைப்பாயா? சரியான விடை தருவதற்குக் கைதட்டுங்கள். மற்றதைக் கடந்து போங்கள்.

இன்னும் ஒரு சொல். டொரண்டோவில் தமிழர் இட்லித் தட்டை உலக அரங்கில் ஏற்றினார். ஜாகீரைக் கண்ட மலையும், கரும்பு சுமந்த தோளும், பதினைந்து ஆடு நின்று மூன்று புலியை முடக்கும் கட்டமும் நம்மிடத்தில் கிடக்கின்றன. கணினி கற்கும் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் கூடி உட்கார்ந்தால், நாளை ஓர் ஆட்டம் இங்கிருந்தும் புறப்படும். பெரும் முதல் வேண்டுமே என்று மலைக்காதீர்கள். ஆட்டின் பின்னால் ஓர் ஆடு நிற்கட்டும்; புலி தானே முடங்கும்!