முனையப் பன்மடியாக்கி: பெயரும் பயனும்

கணிப்பொறியைக் கட்டளை வரியால் இயக்குவார்க்குத் துணையாய் அமைந்த கருவிகளுள் ‘டெர்மினல் மல்டிபிளெக்சர்’ என்பது ஒன்று. இதனை முனையப் பன்மடியாக்கி என யாம் வழங்குவோம். ‘மல்டிபிளெக்ஸ்’ என்பது இலத்தீனில் பல மடிப்புகளை உடையது எனப் பொருள்படும். இருமடி, மும்மடி என்னும் நம் வழக்கிலும் மடிப்பைக் குறிக்கும் சொல்லே பெருக்கத்தையும் குறித்து நிற்றலின், பன்மடி என்பது மூலச்சொல்லோடு உறுப்புக்கு உறுப்பு ஒத்து வருகின்றது. தந்தித்துறையில் வழங்கிய பெயர் இது. பிரெஞ்சு நாட்டு எமில் போதோ 1874-இல் காப்புரிமை பெற்ற தந்தி முறையில் ஒரே கம்பியின் வழியே பல செய்திகள் மாறி மாறிச் சென்றன. அவ்வாறே ஒரு முனையத்தின் வழியே பல பணிகளை நடத்துவது இக்கருவி என்பது பெயரால் போதரும் பொருள். ஆயின், பெயர் சுட்டுவது இதன் பயனில் ஒரு பகுதியே. அதுவும் சிறுபகுதியே என்பதை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முனையம் என்பது முதற்கண் கைக்குத் தட்டுப்படும் பொருளாகவே இருந்தது. யூனிக்ஸ் இயங்குதளம் 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கிய நாளில், தாளில் அச்சிடும் டெலிடைப் பொறியே முனையமாகப் பயன்பட்டது. 1978-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட விடி 100 திரையுடையது. வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகள் காட்டியது. இன்று அப்பொறிகள் மறைந்து, அவற்றின் வேலையை ஒரு மென்பொருட் சாளரம் செய்கின்றது. பொருள் மறைந்தும் சொல்லும் மரபும் எஞ்சி நிற்றலை மொழியில் காண்பது போலவே இங்கும் காண்கின்றோம். தொலைபேசிக் கம்பியின் வழியே கணிப்பொறியை அணுகிய காலத்தில், பேசுகருவியை அதன் இடத்தில் மாட்டிவிட்டால் தொடர்பு அறும். அதனை உணர்த்த இயங்குதளம் விடுக்கும் குறிப்புக்கு, மாட்டிவிடுதல் எனப் பொருள்படும் ‘ஹேங் அப்’ என்னும் பெயர் அமைந்தது. மாட்டுதற்குப் பேசுகருவி இல்லாத இந்நாளிலும் குறிப்புகளின் வரிசையில் முதல் எண் அதற்கே உரியது.

அக்குறிப்பைப் பெற்ற நிரல், வேறு ஏற்பாடு இல்லையாயின், அந்நிலையிலேயே மடியும். இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. தொலைவிலுள்ள ஒரு கணிப்பொறியில், பழைய நூல்களின் பக்கப் படங்கள் 6,000 வைத்து, டெசராக்ட் என்னும் எழுத்துணரியைக் கொண்டு அவற்றை எழுத்தாக்க முயல்வார் ஒருவரைக் கருதுக. பக்கத்திற்கு ஐந்து நொடி எனக் கொள்ளின் 8 மணி 20 நிமிடம் ஆகும். ஏழாம் மணியில் மின்சாரம் நின்றோ மடிக்கணினி உறங்கியோ இணைப்பு அறுமாயின், தொலைவிலுள்ள பொறிக்கு ஒரு குறையும் இல்லையாகவும், அதில் ஓடிய பணி இறந்துபடும்.

பன்மடியாக்கி இதனைத் தவிர்க்கும் முறை நுட்பமானது. அது வழங்கி, வாங்கி என இருகூறாக இயங்கும். வழங்கி தொலைவிலுள்ள பொறியிலேயே, எம்முனையத்தையும் சாராது, தனித்து வாழ்வது. பணிபுரியும் நிரல்களுக்குத் தானே போலி முனையங்களைப் படைத்துக் கொடுத்து, அவை எழுதுவனவற்றை ஏற்று நினைவில் வைப்பது. வாங்கியோ நம் திரைக்கு அவற்றைக் காட்டும் இடையாள். இணைப்பு அறும்போது இடையாள் மடிவான்; நிரல்கள் தம் முனையம் இருந்தபடியே இருத்தலின் யாதும் அறியா. மீண்டும் புகுந்து இணையும்போது விட்ட இடத்தினின்றும் பணி தொடர்ந்து நிகழ்வதைக் காணலாம். இதுவே இக்கருவியின் தலையாய பயன் என்பது எம் துணிபு. பெயரோ இதனைப் பற்றி வாய் திறவாது.

இவ்வகைக் கருவிகளுள் ‘ஸ்கிரீன்’ மூத்தது. ஆலிவர் லௌமன், கார்ஸ்டன் போர்மன் என்னும் இருவர் 1987-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்றியது. ‘டீமக்ஸ்’ இளையது, நிக்கலஸ் மாரியட் 2007-இல் தொடங்கியது. டீமக்ஸில் ஆணை இடுமுன் கன்ட்ரோல் விசையோடு பி எழுத்தை அழுத்துதல் வேண்டும். ஸ்கிரீனில் அவ்விடத்து ஏ எழுத்து வரும். டீமக்ஸின் முதல் வடிவம் ஸ்கிரீனுக்குள் இருந்தே எழுதப்பட்டமையின், மூத்ததனோடு முரணாதிருக்க இளையது வேறெழுத்தைக் கொண்டது.

அமர்வு, அதனுள் சாளரங்கள், சாளரத்தினுள் பகுப்புகள் என்பது டீமக்ஸின் அமைப்பு. இப்பகுப்பை ஆங்கிலத்தில் கண்ணாடிச் சில்லின் பெயரால் ‘பேன்’ என்பர். யாம் பாத்தி எனலாம் என்கின்றோம். பிரிக்கும் கோட்டிற்கு வரப்பு என்னும் பெயரும் உடன் கிடைக்கின்றது. முன்விசைக்குப் பின் விழுக்காட்டுக் குறி இடின் இடவலமாகவும், இரட்டை மேற்கோட்குறி இடின் மேல்கீழாகவும் வரப்பு விழும். டி எழுத்து இடின் அமர்வினின்றும் பிரிந்து வெளியேறலாம். அமர்வுக்குப் பெயரிட்டுத் தொடங்குதல் நன்று. பெயரில்லாதவற்றிற்கு டீமக்ஸ் எண்ணையே இடுதலின், சில நாள் கழித்து எது எதுவென்று அறிதல் அரிது. கணிப்பொறியே நின்று மீளத் தொடங்குமாயின் வழங்கியும் உடன் மடியும் என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

தமிழ் எழுத்தைக் கையாள்வார்க்கு இடர் ஒன்று உண்டு. முனையம் கட்டங்களால் ஆனது. ஒவ்வோர் எழுத்தும் எத்தனை கட்டம் கொள்ளும் என்பதைப் பன்மடியாக்கியும் புறமுனையமும் தத்தம் அட்டவணை கொண்டு கணிக்கும். யூனிகோடு முறையில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடங்கொள்ளாதன. இகரக் குறியோ இடங்கொள்வது. எனவே அட்டவணைகள் பலவற்றில் ‘கி’ இரண்டு கட்டமும் ‘கீ’ ஒரு கட்டமும் பெறுகின்றன! குறிலினும் நெடில் குறுகும் இவ்விந்தையை நம் எழுத்திலக்கணம் அறியாது. இரு கணிப்பும் மாறுபடின் வரிகள் சிதைந்து, வரப்பு கோணி, சுட்டி தவறான இடத்தில் நிற்கும். கோப்பிலுள்ள எழுத்துக்கு ஊறு யாதும் இல்லை, சிதைவு காட்சியளவினதே. ஆதலின் எழுத்துணரி தரும் பாடத்தை நேரே கோப்பிற்கு அனுப்பி, பாத்தியில் முடிந்த பக்கங்களின் எண்ணிக்கை மட்டும் ஓடுமாறு செய்து, பாடத்தைத் தமிழெழுத்தைச் செவ்வனே காட்டும் தொகுப்பி ஒன்றில் பின்னர்த் திறந்து ஒப்புநோக்குதல் தக்கது.