ஆராய்ச்சித் தரவும் அதற்குரிய சோதனையும்

ஆய்வாளர் பலர் எண்களைத் திரட்டி முடித்த பின்னரே, எச்சோதனையால் அவற்றை ஆராய்வது எனச் சிந்திக்கத் தொடங்குகின்றனர். கணினி நொடியில் விடை தரும் இந்நாளில் இவ்வழக்கம் மேலும் வலுத்துள்ளது. ஆயின் எண்களின் தோற்றத்தினும் அவை பெறப்பட்ட முறையே சோதனையைத் தீர்மானிப்பதாகும். இதனைப் பழைய தரவொன்று நன்கு விளக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து மனநோய் மருத்துவமனையொன்றிற் செய்யப்பட்ட நித்திரை மருந்து ஆய்வைக் குஷ்னி, பீபிள்ஸ் என்னும் இருவர் 1905இல் வெளியிட்டனர். அதிலிருந்து 10 நோயாளர் பற்றிய எண்களை எடுத்தாண்டவர் கொசெற். டப்ளின் நகரிற் கின்னஸ் பியர் ஆலையிற் பணியாற்றிய இவர், 1908இல் 'ஸ்ரூடன்ற்' என்னும் புனைபெயரில், சிறு மாதிரிகளுக்குரிய முறையொன்றை வகுத்தார். பிஷர் அதனை விரிவாக்க, அது 'ரீ' சோதனை எனப் பெயர்பெற்றது. பியர் ஆலையின் தேவை மருத்துவத்துக்கும் உதவிற்று எனலாம்.

மருந்தின்றி உறங்கிய நேரத்தினும், முதல் மருந்தால் சராசரி 0.75 மணியும் இரண்டாவதால் 2.33 மணியும் கூடுதலாக உறக்கம் கிடைத்தது. இவற்றை வெவ்வேறு ஆட்களைக் கொண்ட இரு குழுக்களின் எண்களெனக் கொண்டு கணித்தால் 'ரீ' 1.86 ஆகும். மருந்துகள் ஒத்தனவாயிருந்தும் தற்செயலாய் இத்துணை வேறுபாடு தோன்றும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.08. வழக்கமான 0.05 எல்லையை இது கடப்பதால், வேறுபாடு நிறுவப்படவில்லை என்றே கூறவேண்டும். உண்மையில் இரு மருந்துகளையும் உட்கொண்டவர் அதே பதின்மர். ஆகவே ஒவ்வொருவரிடத்தும் காணும் வேறுபாட்டையே கணித்தல் வேண்டும். அவ்வாறு கணிக்க 'ரீ' 4.06 ஆகிறது, நிகழ்தகவோ 0.003 அளவே.

அதே இருபது எண்கள் இருவேறு தீர்ப்புத் தருவதேன்? முதல் மருந்தால் ஒருவர் 3.7 மணி கூடுதலாக உறங்கினார்; இன்னொருவர் 1.6 மணி குறைவாகவே உறங்கினார். ஆயினும் இரண்டாம் மருந்து முன்னவருக்கு மேலும் 1.8 மணியும், பின்னவருக்கு 2.4 மணியும் அளித்தது. ஆளுக்கு ஆள் உள்ள பெருவேற்றுமை, மருந்துகளின் வேற்றுமையை முதற்கணிப்பில் மறைத்துவிட்டது. இருபது வெவ்வேறு நோயாளரிடம் இவ்வெண்கள் பெறப்பட்டிருப்பின், 1.86ஐயே ஏற்றல் வேண்டும். பட்டியல் வரிசைப்படி இணைத்துப் பார்ப்பது பொருளற்றது.

வேறுபாடுகளுள் ஒன்று 4.6 மணி, ஏனையவற்றினின்று அது வெகுதூரம் விலகி நிற்கிறது. பத்தே எண்களுள் இத்தகையதொன்று இருக்கும்போது, மணிவடிவப் பரம்பலை எடுகோளாகக் கொள்ளத் தயங்குவோர் குறிச் சோதனையை நாடலாம். வேறுபாடற்ற ஒருவரை நீக்க, எஞ்சிய ஒன்பதின்மரும் இரண்டாம் மருந்தாலேயே மிகுதியாக உறங்கினர். நாணயத்தை ஒன்பது முறை சுண்ட, ஒரே பக்கமே விழுவதற்கு 512இல் 2 வாய்ப்பே உண்டு. ஆனால் இச்சோதனைக்கு 0.8 மணியும் 4.6 மணியும் ஒன்றே. இக்குறையைப் பெரிதும் நீக்குவது, வேறுபாடுகளை வரிசைப்படுத்தி ஆராயும் வில்கொக்சன் முறை (1945).

உறங்கினோர் இத்தனைபேர், உறங்காதோர் இத்தனைபேர் என எண்ணிக்கை மட்டுமே உள்ளவிடத்து, கார்ல் பியர்சன் 1900இல் வகுத்த கைவர்க்கச் சோதனை பொருந்தும். அங்கும் ஒருவரையே இருமுறை எண்ணுதல் ஆகாது.